சிரிக்கவைத்த நாவலுக்கு எப்படி மதிப்புரை எழுதுவது?

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழுக்காக, 1930களில் அயர்லாந்து நாட்டுப்புற மாளிகை ஒன்றில் நடக்கும் நகைச்சுவை நாவலுக்கு மதிப்புரை எழுத ஒப்புக்கொண்டேன். சிரித்துக்கொண்டே படித்தேன். எழுத உட்கார்ந்தால் ‘ஆழமில்லை’ என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘ஆழமில்லை’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். சிரிக்கவைப்பதற்கென்றே எழுதப்பட்ட நாவல் உங்களைச் சிரிக்கவைத்திருக்கிறது என்றால், அது எந்தக் காட்சியில், யாருடைய பேச்சால் நிகழ்ந்தது என்று காட்டுவதே மதிப்புரையின் பாதி வேலை. கதைச் சுருக்கத்துக்கு நான்கு வரி போதும்.

மீதிப் பாதிக்கு அந்த வீட்டையே கவனியுங்கள். பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த நிலக்கிழார்கள் வாழ்ந்த இத்தகைய மாளிகையை அயர்லாந்தில் ‘பெரிய வீடு’ என்பார்கள். அந்தப் பெயரிலேயே சிறு கேலி உண்டு. 1903ஆம் ஆண்டின் நிலச் சட்டம் தந்த அரசுக் கடனைக் கொண்டு குத்தகைக்காரர்கள் தாங்கள் உழுத நிலங்களைப் பெருமளவில் வாங்கிக்கொண்டதால், மாளிகைகளுக்கு வந்துகொண்டிருந்த குத்தகைப் பணம் வற்றியது. பிறகு, 1920 முதல் 1923 வரை, விடுதலைப் போரிலும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரிலும் இருநூறுக்கும் மேற்பட்ட மாளிகைகள் எரிக்கப்பட்டன. எனவே 1930களின் கதையில் கூரை ஒழுகுவதும், கசாப்புக் கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போவதும் வெறும் வேடிக்கைகள் அல்ல. உங்கள் நாவலில் அந்த விருந்துகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆசிரியர் அதை எண்ணிப்பார்த்திருக்கிறாரா, அல்லது ஓர் அழகிய அஞ்சலட்டையை மட்டும் நீட்டுகிறாரா?

இலேசான நடையில் இவற்றைச் சொல்ல முடியாது என்பதில்லை. அந்த உலகத்திலேயே பிறந்து வளர்ந்த மாலி கீன், எழுதுவதை மதிக்காத தம் வட்டாரத்துக்குத் தெரியாமலிருக்க எம். ஜே. ஃபாரல் என்ற புனைபெயரில் நெடுங்காலம் எழுதினார். 1981இல் சொந்தப் பெயரில் அவர் வெளியிட்ட ‘குட் பிஹேவியர்’ புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கையில் காசில்லாதவர்கள் கனவான்களாகவே நடந்துகொள்வதிலிருந்துதான் அந்நாவலின் சிரிப்பு பிறக்கிறது. அதை எடுத்து உங்கள் நாவலை அடிக்க வேண்டாம். இலேசான நடையில் எவ்வளவு சொல்ல முடியும் என்று அறிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வேலைக்காரர்கள். கணப்பை மூட்டும் பெண்ணும் குதிரை லாயத்துக் கிழவரும் கோமாளிகளாக மட்டுமே வந்துபோகிறார்கள் என்றால், நீங்கள் சிரித்திருந்தாலும் அதைக் குறையென்றே எழுதுங்கள். எசமானியைவிட அவர்களுக்கு வீட்டின் நிலைமை தெரிந்திருக்கிறது என்று ஓரிடத்திலாவது காட்டப்பட்டிருந்தால், மேற்கோளாகத் தர வேண்டிய பத்தி அதுதான்.