இரண்டு நாற்காலிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியை முடித்தபின் ஓர் அலுவலகத்தில் 3 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். பிறகு அழகுசாதனப் பொருட்கள் விற்கும் கவுண்டரில் நின்றேன். அதன்பின் ஒரு பெரிய அழகு நிலையத்தில் 5 ஆண்டுகள் உதவியாளர் வேலை. அதில் முதல் 2 ஆண்டுகள் டவல் துவைத்ததும் தரை கூட்டியதும்தான். கடந்த 3 ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று ஃபேஷியலும் த்ரெட்டிங்கும் செய்துவருகிறேன். இப்போது, நாற்பதை நெருங்கும் வயதில், இரண்டு நாற்காலிகள் மட்டுமே கொள்ளும் சிறிய பார்லர் ஒன்றைச் சொந்தமாகத் திறக்கப்போகிறேன். என்னுடன் பயிற்சி பெற்ற தோழி நேராக இத்தொழிலுக்கு வந்து, எனக்குப் பல ஆண்டுகள் முன்பே கடை வைத்துவிட்டாள். பட்டது எதுவும் வீண்போகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் அப்படி நினைக்கவில்லை. டவல் துவைத்த 2 ஆண்டுகளில் முதல் மாதத்துக்குப் பிறகு நீங்கள் புதிதாகக் கற்றது அதிகம் இருந்திருக்காது. அது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட காலம், அதற்குப் பொன்முலாம் பூச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மற்ற ஆண்டுகளையும் அதே மூட்டையில் கட்டிவிடாதீர்கள்.

1857இல் கனடாவில் பிறந்த மார்த்தா மாட்டில்டா ஹார்ப்பர் 7 வயதிலேயே வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டவர். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பிறர் வீடுகளில் உழைத்த பிறகு, 1888இல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் தம் சேமிப்பைக் கொண்டு ஓர் அழகு நிலையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவருடைய முறையில் நடந்த நிலையங்கள் பல நாடுகளில் பரவின. இதை விடாமுயற்சிக் கதையாகவே சொல்வது வழக்கம். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அவருடைய நிலையத்துக்கு அடுத்த அறையில் ஓர் இசை ஆசிரியர் வகுப்பு நடத்தினார், பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மாருக்கு அங்கே உட்கார இடமில்லை. ஹார்ப்பர் அவர்களைத் தம் நிலையத்தில் வந்து அமரச் சொன்னார், உட்கார்ந்தவர்கள் வாடிக்கையாளர்களானார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்குக் கால் வலிக்கும் என்பது, வாழ்நாளில் பாதியை நின்றே கழித்தவருக்கு உடனே கண்ணில் பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

எனக்குத் தெரிந்த பார்லர்க்காரர் ஒருவர் முன்பு தையல் தைத்தவர். புருவம் திருத்த நூலை முறுக்கிய பின்னும் உடனே தொடங்கமாட்டார்; வந்தவரின் விரல்களைப் பிடித்து, ஒன்றை இமையிலும் ஒன்றை நெற்றியிலும் வைத்து, எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவார். தோல் தளர்ந்திருந்தால் நூலில் சிக்கிக் கீறிவிடும். ஒரு புருவத்தை முழுதாக முடிக்காமல், நாலு இழுப்புக்கு ஒருமுறை மற்றதற்கு மாறி, இரண்டடி பின்னால் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். ரவிக்கையின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தைத்த பழக்கம் அது. உங்களுக்கு அப்படி வாய்த்தது அந்தக் கவுண்டர் என்று எண்ணுகிறேன். கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துப் பெண்கள் என்ன சொல்லிக்கொள்வார்கள், எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பதை அங்கே நின்றவர் அறிவார்.

வீணான ஆண்டுகளைவிட, அறியாமல் தொற்றிக்கொண்டு வரும் பழக்கங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஹேர் டைகள் பலவற்றில் உள்ள பாரா-ஃபினைலின்டையமீன் என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். பல ஆண்டுகள் தொந்தரவின்றிப் பூசிவந்தவருக்கும் ஒருநாள் திடீரென முகம் வீங்கலாம். டை பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே தோலில் சிறிது தடவிப் பார்க்கும் சோதனையை, கூட்டம் மிகுந்த நிலையங்களில், ‘போன மாதம் போட்டவர்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அதேபோல், கருவிகளைச் சோப்பு போட்டுக் கழுவாமல், கிருமி நீக்கப் பயன்படுத்தும் புற ஊதாப் பெட்டிக்குள் வைத்தால், ஒட்டியிருக்கும் அழுக்கின் மறைவில் கிருமி பத்திரமாக இருக்கும். நீங்கள் வேலை பழகிய இடத்தில் இவை எப்படி நடந்தன என்று கண்டிப்போடு நினைத்துப் பாருங்கள்.

தோழியைப் பற்றிய மனக்குறைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் அவர் சம்மதித்தால் அவருடைய கடையில் ஒரு முழுநாள் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலியும் எத்தனை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது, காலையில் ஒருவர் கால்மணி நேரம் தாமதமாக வந்தால் மாலைவரை எத்தனை பேர் காத்திருக்க நேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீடாகச் சென்று வேலை செய்தபோது இந்தச் சிக்கல் உங்களுக்கு இருந்திருக்காது. வாடகை அந்தக் காலி நேரத்துக்கும் சேர்த்துத்தான் என்பதைக் கணக்கு எழுதிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வந்தால் கட்டுப்படியாகும் என்று அன்றிரவே எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு பெயர்ப்பலகைக்குச் சொல்லுங்கள்.