இந்திய அகதி முகாமில் இருக்கும் உறவுகளின் பிரஜாவுரிமை வழக்குகளை மலையகத்தில் இருந்துகொண்டு தொடர்வது எப்படி?

உங்களுக்கும் முகாமில் யாரோ இருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டீர்கள். என் சின்னம்மா குடும்பம் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுப் போய், மன்னாரில் படகேறியவர்கள்.

நான் சட்டத்தரணி இல்லை, பாடசாலை ஆசிரியை. "சட்டம் படிக்காதவளுக்கு இதெல்லாம் எதற்கு" என்று யாராவது எழுத வரலாம். சட்டம் படித்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து விளக்கியிருந்தால் நான் இதில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

முகாமில் இருப்பவர்களிடம் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கேட்டு வாங்குங்கள். அவை இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கின் நிலையை நீங்களே பார்க்கலாம். இன்னொன்று: நம் இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்கு மேல் எதுவுமில்லை. இந்தியாவில் அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இது தெரியாமல் அப்பா, தீர்ப்பு வந்துவிட்டது, இனி யாரும் மாற்ற முடியாது என்று லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அன்று இரவே சின்னம்மாவின் மகன் அழைத்தான். "அக்கா, நமக்கும் கிடைத்துவிடும்" என்றான். பின்னால் பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. விவரம் தேடிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். சின்னம்மாவின் மகள் பிறந்தது 1986, எனக்கு அழைத்த தம்பி 1989. ஒரே தாய் வயிறு, ஒரே முகாம். அவனிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அவனுக்கு இருப்பது வேறு வழி. 2019 ஜூனில் அதே கிளை, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரின் மனுக்களை இந்திய அரசைப் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலிக்கத்தான் சொன்னது, வழங்கச் சொல்லவில்லை. தீர்ப்பின் கடைசிப் பத்திகளில் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாத்தா இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அதன் பற்றுச்சீட்டு அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில், பூஞ்சணம் பிடித்து, நான்காக மடித்த இடத்தில் விட்டுப்போய்க் கிடந்தது. தாத்தாவின் பெருவிரல் ரேகை மட்டும் அழியவில்லை.

எங்கள் வம்சாவளிக்குச் சான்றாக அதை முகாமுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அங்கிருந்து வந்த பதில் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் இருபத்துமூன்று நாள் கிடந்தது. லயத்துக்கு இலக்கமில்லை, அதிலுள்ள காம்பராவுக்கு (அறை வீட்டுக்கு) முகவரியில்லை, தபால்காரர் காரியாலயத்தோடு திரும்பிவிடுகிறார். இருநூறு வருடமாகத் தேயிலையும் கோப்பியும் வளர்த்த சனத்துக்குச் சொந்தமாக ஒரு முகவரி கொடுக்க இவர்களால் முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் வயிறு எரிகிறது.

உங்கள் உறவினரிடம் முதலில் பிள்ளைகள் பிறந்த திகதியையும் இடத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.