கையில் ரொக்கம் இருந்தால்தான் அவர் நிலைப்பார்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர் வங்கியின் வணிகத் தொடர்பாளராக, அதாவது வங்கிக்காக ஊரிலேயே பணம் கொடுத்து வாங்கும் முகவராக, இருக்கிறார். கைரேகைக் கருவியோடு வீடு தேடிச் சென்று முதியோருக்குப் பணம் கொடுப்பவர், வருமானம் கட்டுப்படியாகவில்லை என்று விலக நினைக்கிறார். சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு சார்பில் நாங்கள் என்ன செய்யலாம்?
– கூட்டமைப்புச் செயலாளர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: மாதத்தின் எந்த நாட்களில் கையில் பணம் இல்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2006இல் அனுமதித்த இந்த முறையில், ஒருவர் பணம் எடுக்கும்போது தொடர்பாளர் தம்மிடமுள்ள ரொக்கத்தைக் கொடுக்கிறார். அதே தொகை அவருடைய கணக்கில் வரவாகிறது. யாரேனும் பணம் கட்டினால் ரொக்கம் அவர் கைக்கு வர, கணக்கில் அந்த அளவு குறைகிறது. ஆனால் மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாய் வரவாகும் 15ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் எடுப்பவர்களே வருவார்கள். ரொக்கம் தீர்ந்ததும், கணக்கில் பணம் இருந்தும் அதை எடுத்துவர வேலையை நிறுத்திவிட்டு வங்கிக் கிளைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பரிவர்த்தனைகளுக்குக் கிடைத்திருக்கும் கமிஷனும் போகிறது, பேருந்துக் கட்டணமும் சொந்தச் செலவாகிறது, பணப்பையுடன் தனியாகத் திரும்பும் அச்சம் வேறு.

எனவே கூட்டமைப்பு நிதியிலிருந்து குறைந்த வட்டியில் அவருக்கு ஒரு சுழல்கடன் (திருப்பிக் கட்டியதும் மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய கடன்) கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். அதைவிடவும் பயன் தரக்கூடியது, உங்கள் குழுக்களின் சேமிப்பையும் கடன் தவணையையும் அதே நாட்களில் அவர் மூலமாகவே கட்டச் செய்வது. குழுக் கணக்குகளுக்கு அந்த வசதி உண்டா என்று கிளையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உண்டென்றால், கட்டுபவர்கள் தரும் ரொக்கமே எடுப்பவர்களுக்குப் போதுமானதாகி, கிளைக்குப் போகும் பயணம் குறையும். கட்டுவது, எடுப்பது இரண்டுக்கும் கமிஷனும் கிடைக்கும்.

மனம் வெறுக்கச் செய்யும் இன்னொன்று, பணம் எடுக்க வந்தவரின் கணக்கில் பணம் கழிந்தும் பரிவர்த்தனை நிறைவேறாமல் போவது. பழி அவர் மீதே விழும், பெண் என்பதால் ஊர்ப் பேச்சு இன்னும் கடுமையாக இருக்கும். இத்தகைய தொகை ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இதைக் குழுக் கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும் உறுப்பினர்களிடம் ஏற்படுத்துங்கள்.

இரவில் வீட்டுக் கதவைத் தட்டிப் பணம் கேட்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வேலை நேரத்தைக் கூட்டமைப்பே முடிவுசெய்து பலகையில் எழுதி வைத்தால், மறுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழாது. கிளையிலிருந்து பணம் எடுத்துவரும் நாளில் உறுப்பினர் ஒருவர் உடன் செல்லட்டும்.

கமிஷன் மாதந்தோறும் சரியாக வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். நிலுவை இருந்தால் அவரைத் தனியாக அனுப்பாமல், கூட்டமைப்பின் கடிதத்தோடு நீங்களும் சென்று கிளை மேலாளரைப் பாருங்கள்.