அப்பாவின் கடற்படை மெடல்கள்: எது எதற்குக் கிடைத்தது?

கேள்வி: என் அப்பா 1965-ல் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து 1980-ல் ஓய்வு பெற்றவர். அவர் காலமான பின் அலமாரியில் ஐந்து மெடல்கள் கிடைத்தன; படம் அனுப்பியிருக்கிறேன். எது எதற்குத் தந்தது? கண்ணாடிச் சட்டம் போட எந்த வரிசை? 1971-ல் கராச்சித் தாக்குதலில் அவர் இருந்ததாகச் சித்தப்பா சொல்கிறார். உறுதி செய்ய வழி உண்டா?

பதில்: படத்தில் இருப்பவை பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், அந்தமான் நிக்கோபார் கிளாஸ்ப் (ரிப்பனில் மாட்டும், பகுதியின் பெயர் பொறித்த சிறு பட்டை) கோத்த சைன்ய சேவா மெடல், சுதந்திர தின 25-ஆம் ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். நான் சொன்ன இதே வரிசையில், பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கிச் சட்டத்தில் வையுங்கள்.

இவற்றில் வீரச் செயலுக்கான விருது எதுவும் இல்லை. வீர் சக்ரா, நவ்சேனா மெடல் போன்றவைதான் அந்த வகை. இதைச் சொன்னதும் பல குடும்பங்களில் முகம் வாடிவிடும். ஆனால் மாலுமி எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதைக் காட்டிக்கொடுப்பவை இந்தச் சாதாரண மெடல்கள்தான்.

உங்களுக்கு முக்கியமானது பூர்வி ஸ்டார். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு அது; மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியவை நிபாத், நிர்காத், வீர் என்ற ஏவுகணைப் படகுகள். துணைக்குக் கில்டன், கச்சல் போன்ற கப்பல்கள் போயின. எல்லாம் அரபிக்கடலில் நடந்தது. அப்பாவின் மெடலோ அவரை வங்காள விரிகுடாப் பக்கம் நிறுத்துகிறது. சித்தப்பாவின் கதை இடிக்கிறது என்றுதான் சொல்வேன். அதற்காக வருந்த ஒன்றுமில்லை. அதே டிசம்பர் 4-ல்தான் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் இன்றைய வங்கதேசத்திலுள்ள காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது பறந்தன. ஆனால் பூர்வி ஸ்டார் இருப்பதால் அப்பா விக்ராந்தில் இருந்தார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். பிரம்மபுத்ரா, பியாஸ், கமோர்ட்டா, கவரத்தி என்று வேறு கப்பல்களும் அந்தப் பக்கம் இருந்தன.

சைன்ய சேவா மெடல் போருக்கானது அல்ல. கடினமான பகுதிகளில் பணி செய்ததற்கானது. கிளாஸ்ப்தான் அதன் உயிர். அதைப் பார்த்தால் அந்தமான் பக்கம் போஸ்டிங் இருந்தது தெளிவு. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஐஎன்எஸ் ஜராவா என்ற கடற்படைத் தளம் உண்டு. பழைய கடித உறைகளில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மற்ற மூன்றில் பெரிய கதை இல்லை. 25-ஆம் ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தது. சங்கிராம் 1971 போர்க்காலப் பணிக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 9 ஆண்டு மெடல், பெயரே சொல்கிறது.

கப்பல் பெயர் வேண்டுமென்றால் ஆவணம்தான் கதி. மாலுமிகளின் பணிப்பதிவுகளை மும்பை மான்குர்டிலுள்ள ப்யூரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகம் பராமரிக்கிறது. பெயர், மாலுமி எண், சேர்ந்த தேதி ஆகியவற்றோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களை இணைத்துக் கடிதம் எழுதுங்கள். மாலுமி எண் தெரியாவிட்டால் பென்ஷன் ஆணையைப் பாருங்கள். பெரும்பாலும் மெடலின் விளிம்பிலும் பெயரோடு பொறித்திருக்கும். கடிதம் எழுதத் தடுமாற்றமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். அவருக்குத் தகுதியுள்ள மெடல்கள் எவை என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். தகுதி இருந்தும் வாங்காமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. பஷ்சிமி ஸ்டாருக்கும் அவருக்குத் தகுதி இருந்ததா என்ற விவகாரமும் அதோடு தீர்ந்துவிடும்.

சட்டம் போடுமுன் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பெழுத்துதான் முதலில் மழுங்கும். ரிப்பன் நைந்திருந்தால் புதியது மாற்றலாம். பழையதைத் தூக்கி எறியாமல் சட்டத்தின் பின்புறம் ஓர் உறையில் வைத்துவிடுங்கள்.