மனைவிக்கு இருமுனைக் கோளாறு, கத்துவதோ நான் என்று எழுதிய தம்பிக்கு

வணக்கம் தம்பி. மனைவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், இப்போது பொறுமையிழந்து கத்துவது நீங்கள்தான், ஏழு வயது மகள் பீரோவுக்குப் பின்னால் ஒளிகிறாள் என்கிறீர்கள். என் கணவருக்கும் இருமுனைக் கோளாறுதான்; மனம் சில காலம் அளவுமீறிய துள்ளலிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறிக் கிடக்கும் நோய். மாதவரத்தில் இருந்தபோது ஒருநாள் இரவு நான் தட்டை வீசியெறிந்தேன். சாம்பார் சுவரில் வழிந்தது. துடைத்தவர் அவர்.

துணையாக இருப்பவர் தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் உங்கள் நிலையையும் சொல்லுங்கள். வீட்டில் ஓயாத குத்தலும் கூச்சலும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உங்கள் களைப்புக்கும் வைத்தியம் வேண்டும் என்கிறேன். சென்னை அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பில் குடும்பத்தாரும் பேசலாம். நள்ளிரவில் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மகளிடம் மட்டும் "ஒன்றுமில்லை" என்று மழுப்பாதீர்கள். கணக்கில் மார்க் குறைந்ததால்தான் அப்பா படுத்தே கிடக்கிறார் என்று என் மகன் வெகுநாள் நம்பியிருந்தான். "அம்மாவுக்கு நோய், டாக்டர் பார்க்கிறார், உன்னால் வந்ததில்லை." இவ்வளவு போதும். நீங்கள் கத்தியதற்கும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

மந்திரிக்கச் சொல்லும் மாமியாரோடு சண்டை வேண்டாம். போய் வாருங்கள், மாத்திரை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்று விட்டுப்போயிற்று: தினசரி காலண்டர் தாளில் மனைவி தூங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு இரவு தூக்கம் சட்டென்று குறைந்தால் நோய் திரும்புவதன் அறிகுறியாக இருக்கலாம்; அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.