கர்ப்ப காலத்தில் மார்பகப் புற்றுநோய்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: 20 வாரம். மார்புக் கட்டியில் பயொப்சி (துண்டெடுத்துச் சோதிப்பது) எடுத்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. பிள்ளை பிறக்கும்வரை வைத்தியம் செய்ய ஏலாதா?

செய்யலாம், தங்கச்சி. பிறக்கட்டும் என்று காத்திருக்கத்தான் கூடாது. ஒப்பரேஷன் எந்த மாதத்திலும் செய்யலாம். கீமோ முதல் மூன்று மாதத்தில் இல்லை. பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. 14 வாரம் தாண்டினால் டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் என்ற கீமோ மருந்துகளை 3 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம். உதாரணத்துக்கு 23, 26, 29, 32ஆம் வாரங்களில். ஒவ்வொரு தரமும் அன்றைய நிறையைப் பார்த்தே அளவு போடவேண்டும். கர்ப்பிணி என்று இரங்கிக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது. 34, 35 வாரத்துக்குப் பிறகு ஏற்றுவதில்லை. ஏற்றிப் பத்துப் பதினான்கு நாளில் வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிடும். அந்த நேரம் பிரசவ வலி கண்டால் தாய்க்குத் தொற்று, பிள்ளைக்கும் கலங்கள் குறைவு. ஆகவே கடைசி ஊசிக்கும் பிரசவத்துக்கும் இடையில் 3 வாரமாவது வேண்டும்.

ரேடியேஷன், டமொக்சிபென் (ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை), ட்ராஸ்டுசுமாப் (HER2 வகைக் கட்டிக்கான ஊசி) மூன்றும் பிரசவத்துக்குப் பிறகுதான். ட்ராஸ்டுசுமாப் பனிக்குட நீரைக் குறைத்துவிடும்.

கொட்டாஞ்சேனை: மமோகிராம் எடுத்தால் பிள்ளைக்குப் பாதிப்பா?

வயிற்றை மறைத்து எடுத்தால் பிள்ளைக்குப் போகும் கதிர் மிகச் சொற்பம். முதலில் மார்பு ஸ்கேன். எம்ஆர்ஐ என்றால், படம் தெளிவாக விழ ஏற்றும் கடோலினியம் மருந்து வேண்டாம். பயொப்சிப் படிவத்தில் "கர்ப்பிணி, இத்தனை வாரம்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கர்ப்பத்தில் மார்பின் கலங்கள் மாறியிருக்கும். தெரியாமல் பார்ப்பவர் பிழையாக வாசிக்க இடமுண்டு.

வத்தளை: மூன்று கிழமையாக ஒரு கட்டி. மாமி பால்கட்டு என்கிறா.

இரண்டு கிழமை தாண்டிய கட்டி எதுவானாலும் ஸ்கேன். அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்க வேண்டாம்.

தெமட்டகொடை: எதற்கு இந்தப் பாடு? 30 வாரத்தில் சிசேரியன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டு கீமோ ஏற்றலாமே?

கீமோவுக்காக மட்டும் எடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் புற்றுநோய் வந்த தாய்மாரின் 129 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். கீமோ பட்ட பிள்ளைகளின் இதயமும் அறிவு வளர்ச்சியும் மற்றப் பிள்ளைகளினது போலவே இருந்தன. பின்தங்கியவர்கள் குறைமாதத்தில் பிறந்தவர்கள், அதுவும் நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகளிலும் ஒப்பிட்ட மற்றப் பிள்ளைகளிலும்.

தெமட்டகொடை: என்ன சொன்னாலும் நஞ்சு நஞ்சுதான். இன்கியுபேட்டர் மேல்.

14 வாரத்துக்கு முன் என்றால் உங்கள் பயம் முழுக்கச் சரி. 30 வாரத்தில் அது இடம் மாறிவிடுகிறது. அந்த வயதில் பிள்ளையின் நுரையீரல் பழுக்கவில்லை, மூளையில் இரத்தக் கசிவும் வரலாம். இன்கியுபேட்டர் கருப்பைக்கு ஈடாகாது. தாய்க்குப் பிரஷர் ஏறுவது, பிள்ளை வளராமல் நிற்பது போன்ற காரணம் இருந்தால் மகப்பேற்று நிபுணர் முன்கூட்டியே எடுப்பார். அது வேறு கதை.

கிராண்ட்பாஸ்: கருவைக் கலைத்தால் நோய் அடங்குமா?

கலைப்பதால் தாயின் ஆயுள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காக்க மட்டுமே இடம் தருகிறது.

பம்பலப்பிட்டி: அன்னமுன்னா இலைக் கஷாயம்?

வேண்டாம்.

தெஹிவளை: ஒரு மாதமாகக் கட்டி, வலியில்லை. பால்கட்டாக இருக்குமா?

வத்தளைக்குச் சொன்னதைப் படியுங்கள். வலியில்லை என்பது ஆறுதல் இல்லை. ஒத்தடம் கொடுத்து நாளைக் கடத்தாதீங்க, நாளைக்கே ஸ்கேன்.

மருதானை: மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன கொண்டுபோக?

கர்ப்பக் கிளினிக் கார்ட், ஸ்கேன் றிப்போட், பயொப்சி முடிவு. சத்திரசிகிச்சை, புற்றுநோய், மகப்பேறு நிபுணர்கள் மூவரும் சேர்ந்து ஒரே திகதி அட்டவணை எழுதித் தரவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கொள்ளுப்பிட்டி: பிரசவத்துக்குப் பின் கீமோ தொடர்கிறது. பால் கொடுக்கலாமா?

கீமோ, டமொக்சிபென் நடக்கும்வரை கூடாது. மருந்து பாலில் இறங்கும்.