ஆபிரகாம் எழுந்து போகும் பந்தி

அன்புள்ள ஐயா,
கபாலா என்ற யூத மறைஞானம் பற்றிய உரைகளைக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். யூதப் பண்டிகை ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வீக ஆற்றல் இறங்குகிறதாம். எந்த நாளில் எது இறங்கும்? யூதரல்லாத நாம் அதைப் பெற முடியுமா? கபாலாக்காரர்கள் கையில் கட்டும் சிவப்புக் கயிறை நானும் கட்டலாமா? அம்மா போனபிறகு எங்கள் வீட்டில் பண்டிகைகள் வெறுமையாகக் கழிகின்றன. அதனால்தான் கேட்கிறேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரிகள் மனதை என்னவோ செய்தன. சில நாட்களாக சுக்கோத் என்ற யூதக் கூடாரப் பண்டிகையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன்.

கயிறை விடுங்கள். ஆற்றல் அட்டவணையையும் விடுங்கள். தெய்வத்திடம் மின் இணைப்பு கேட்பதுபோலக் கேட்கிறீர்கள். இப்படிக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சுக்கோத்தில் தழைக்கூரை போட்ட குடிலில் ஏழு நாள் உண்கிறார்கள். அங்கே வேதாகமத்து முன்னோர்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது என ஏழு பேர் விருந்தாளிகளாக வருவதாகக் கபாலாவின் மூலநூலான ஸோஹார் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட நூல் அது. ஏழு பேரும் ஏழு செஃபிராக்கள், அதாவது இறைவன் வெளிப்படும் நிலைகள். ஆபிரகாம் கருணை, ஈசாக்கு கண்டிப்பு. உங்கள் உரையாளர்கள் இதுவரை சொல்லியிருப்பார்கள்.

அடுத்ததைச் சொன்னார்களா? அந்த விருந்தாளிகளின் பங்கு ஏழைகளுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் முதலில் எழுவது ஆபிரகாம். வழிப்போக்கர்களைத் தேடித்தேடி உபசரித்தவர் அல்லவா? ‘இந்தத் துஷ்ட மனிதரின் கூடாரங்களை விட்டு விலகுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுகிறார்கள். கருணை என்ற செஃபிராவே பந்தியை விட்டு வெளியேறுகிறது, எஸ். மந்திரம் தப்பானதாலோ நாள் பிசகியதாலோ அல்ல. வெளியே ஒருவன் பசியோடு நிற்பதால்.

ஞானிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டின் யூதத் தர்க்கவாதி மைமோனிடிஸும் இதையே சொல்கிறார்: கதவைச் சாத்திக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்பவனின் மகிழ்ச்சி வெறும் வயிற்றின் மகிழ்ச்சி. பஸ்கா இரவிலும் பசித்தவரெல்லாம் வந்து உண்ணட்டும் என்று அழைத்துவிட்டுத்தான் எகிப்திலிருந்து விடுதலையான கதையைத் தொடங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பண்டிகையில் கடைசியாக வெளியாள் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? அம்மா இருந்தபோதுதான் என்றால், வெறுமை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

யூதரல்லாதவர் இந்தச் சடங்குகளைச் செய்யத் தேவையில்லை. அவை யூதர்கள் சுமக்கும் கட்டளைகள். படிக்கத் தடையில்லை. ஸோஹாரின் ஆங்கில மொழிபெயர்ப்பான பிரிட்ஸ்கர் பதிப்பு 12 தொகுதிகள். நான் சொன்ன பகுதி லேவியராகமத்துக்கான உரையில், எமோர் என்ற பிரிவில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள், அப்புறம் எழுதுங்கள்.